பூங்குழலி ஆடும்போது கடல் பொங்க வேண்டாம்

நவராத்திரிக்கோ கோயில் திருவிழாவுக்கோ கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் பெண்களை வைத்து ஒரு நாட்டியம் போட நினைப்பவர்கள் முதலில் கைவிட வேண்டியது, முழுக் கதையையும் சொல்லும் ஆசையை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, ஐந்து பாகமாக விரிந்த நாவல் அது. அரை மணி நேரத்தில் அடக்கப் பார்த்தால் பின்னணிக் குரல் பேசிக்கொண்டே இருக்கும், ஆடுபவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு தருணம் போதும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், படகோட்டும் பெண்ணான பூங்குழலியை எடுத்தால் ஒரு தவறு சுலபமாக நேரும். நமக்குக் கடல் என்றால் முட்டத்துப் பாறைகளில் மோதித் தெறிக்கும் கடல்தான். கை தானாகவே பேரலை காட்டும், மிருதங்கமும் முழங்கத் தொடங்கும். ஆனால் கோடிக்கரையில் அவள் படகில் இருந்து பாடும் அந்த மாலையில் கடல் ஓய்ந்து கிடக்கிறது. பொங்குவது அவள் மனம் மட்டும். கல்கி எழுதிய பாட்டின் உயிரே அந்த முரண்தான். அதனால் காலும் கையும் அடங்கியிருக்கட்டும், தாளம் மெல்லப் போகட்டும், கொந்தளிப்பு முகத்தில் தெரியட்டும். எனக்கு இந்த நாவலிலேயே நாட்டியத்துக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான்.

ஊமை ராணி மந்தாகினிக்குச் சோகப் பாட்டு ஒன்றைப் போட்டு, ஆடுபவர் உதட்டை அசைப்பது அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் அநியாயம். பேசவும் காது கேட்கவும் முடியாத பெண் அவள். பாட்டை நிறுத்திவிட்டு வயலினையோ புல்லாங்குழலையோ மட்டும் விடுங்கள். வெறும் அபிநயம் தாங்காது என்று பயப்பட வேண்டாம், நன்றாகவே தாங்கும்.

வானதி என்றதும் மயங்கி விழுவதை மட்டும் காட்டிச் சிரிப்பு வாங்குகிறார்கள். சோழ சிங்காதனத்தில் ஒருநாளும் அமர மாட்டேன் என்று சபதம் செய்தவளும் அவளே. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாத்திரம் வளர்வது தெரியும். நந்தினிக்குக் கண்ணை உருட்டும் வில்லித்தனம் மட்டும் கொடுப்பதும் இதே குறைதான். பழிவாங்கத் துடிக்கும் மனதுக்குள் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் மீது பழைய பாசமும் கிடக்கிறது. ஒரே முகபாவத்தில் ஆடினால் பாதி நந்தினிதான் மேடைக்கு வருவாள்.

உடை விஷயம்: இங்கே கைக்கு எட்டும் கேரளக் கசவுப் புடவையைக் கட்டிவிட்டால் சோழ இளவரசி குந்தவை பழையாறையை விட்டுச் சேர நாட்டுக்கு வந்துவிடுவாள். சாயம் தோய்ந்த பருத்தியோ பட்டோ எடுங்கள்.

அப்புறம், சினிமாப் பாட்டு. பார்ப்பவர் மனதில் திரைப்பட நடிகையின் முகம்தான் வந்து நிற்கும், உங்கள் பெண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது, அவர் வரிகளுக்கு நீங்களே மெட்டுப் போடலாம். திரைப்பட இசைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.