வேண்டா வெறுப்பா சோஷியல் மீடியாவுக்கு வர்றவங்க செய்யுற தப்புகள்

"இந்த பேஸ்புக் இன்ஸ்டாலாம் நமக்கு ஒத்து வராதுப்பா"ன்னு பல வருஷமா ஒதுங்கியே இருந்துட்டு, இப்ப வேற வழியில்லாம உள்ள வர்றவங்க இங்க சிங்கப்பூர்ல நிறைய பேர். சிலருக்கு வேலை போயிருக்கும், சிலருக்கு பேரப்பிள்ளை போட்டோ அங்கதான் வரும், அடுக்குமாடி ப்ளாக்ல தண்ணி நிறுத்துற விஷயம்கூட குரூப்ல போட்டாதான் தெரியுதுன்னு சில பேர் வருவாங்க. இவங்களுக்கு கிடைக்குற அட்வைஸ் எல்லாம் "டெய்லி போஸ்ட் போடுங்க, ஃபாலோயர் சேருங்க"ங்கிற வகை. அது வியாபாரம் பண்றவங்களுக்கு சரி. நமக்கு எதுக்கு? என்னைக் கேட்டா, ஒரு போஸ்ட்கூட போடாம, பத்துப் பதினஞ்சு பக்கத்தையும் ரெண்டு குரூப்பையும் மட்டும் வச்சுக்கிட்டு உருப்படியா பலன் எடுக்கலாம். ஆனா அதுக்குள்ள செய்யுற தப்புகள்தான் ஆளை ஓட வச்சிடுது.

பெரிய தப்பு, என்ன வேணும்னே தெரியாம உள்ள போறது. ராத்திரியும் தொறந்திருக்குற முஸ்தஃபா கடைக்கு லிஸ்ட் இல்லாம போற கதைதான், பற்பசை வாங்கப் போயி நடுராத்திரில சூட்கேஸோட வெளிய வருவோம். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தேவையை முடிவு பண்ணுங்க. தமிழ் நிகழ்ச்சி எங்க நடக்குதுன்னு தெரியணும்னா லைப்ரரியோட தமிழ்ப் பக்கம், கேம்பல் லேன்ல இருக்குற இந்திய மரபுடைமை நிலையம், இதுங்களை ஃபாலோ பண்ணாலே போதும், ஏப்ரல் மாசம் தமிழ்மொழி விழா வந்தா அதுவும் தானா கண்ணுல படும். கோயில் விஷயம்தான் வேணும்னா இந்து அறக்கட்டளை வாரியப் பக்கம் இருக்கு, தைப்பூசத்துக்கு முன்னாடி சிராங்கூன் ரோட்டுலேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் ஊர்வலம் எப்படிப் போகுது, பால்குடத்துக்கு எப்பப் பதியணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லும்போது அங்க பாத்தா குழப்பம் தீர்ந்துடும். ஒரு தேவை தீர்ந்தப்புறம் அடுத்தது. அதை விட்டுட்டு ஒரே சனிக்கிழமைல பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டாக், டெலிகிராம், லிங்க்டுஇன் எல்லாத்துலயும் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணீங்கன்னா, அடுத்த சனிக்கிழமை எல்லாத்தையும் டெலீட் பண்ணத்தான் தோணும்.

அடுத்தது, அக்கவுண்ட் ஓப்பன் பண்ற வேலையை முழுசா பிள்ளைங்க கையில குடுத்துடுறது. நம்ம வீடுகள்ல இது சகஜம். மகன் வேலைக்குக் கிளம்புற அவசரத்துல அவனோட ஈமெயிலைப் போட்டு, பிறந்த தேதியை ஏதோ ஒண்ணா தட்டி, பாஸ்வேர்ட் என்னன்னு அவனுக்கே மறந்து போற மாதிரி ஒண்ணு வச்சுட்டுப் போயிடுவான். நாளைக்கு ஹேண்ட்போன் தொலைஞ்சா, அக்கவுண்டை மீட்கப் போனா, அது கேக்குற கோடு அவன் ஈமெயிலுக்குப் போகும், அடையாள அட்டை காட்டுன்னு கேட்டா தேதி ஒத்துப்போகாது. அதனால அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்குங்க, ஆனா விரல் உங்க விரலா இருக்கட்டும், ஈமெயிலும் நம்பரும் உங்களோடதா இருக்கட்டும், பாஸ்வேர்டை நோட்டுல எழுதி பீரோவுல வச்சாலும் தப்பில்ல, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துலயும் போடுறதைவிட அது எவ்வளவோ மேல். பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்லைன்னா பல சிசியிலயும், அதாவது சமூக மன்றத்துலயும், லைப்ரரியிலயும் எஸ்ஜி டிஜிட்டல் ஹப் இருக்கு, 2020லேர்ந்து டிஜிட்டல் அம்பாசிடருங்கன்னு ஆள் போட்டு பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றாங்க, காசு கிடையாது. அதே கேள்வியை நாலு வாட்டி கேட்டாலும் மூஞ்சியைச் சுளிக்க மாட்டாங்க, சொந்தப் பிள்ளைங்களைப் பத்தி அப்படி உத்தரவாதம் குடுக்க முடியாது.

சிம் மாத்துறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். இங்க வேலைக்கு வந்த தம்பிங்க பல பேர் ஊரு நம்பர்லயே வாட்ஸ்அப் வச்சிருப்பாங்க, ரீசார்ஜ் பண்ணாம விட்டா அந்த நம்பரை கம்பெனி வேற ஒருத்தருக்குக் குடுத்துடும். செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் உள்ள போனா நம்பர் மாத்துற வசதி இருக்கு, பழைய சிம் உயிரோட இருக்கும்போதே அதைச் செஞ்சுடுங்க.

ஃபீட்ல, அதாவது ஆப்பைத் தொறந்ததும் வரிசையா ஓடுற பக்கத்துல, வர்றதை அப்படியே ஏத்துக்கிறது அடுத்த தப்பு. "ஓப்பன் பண்ணாலே சண்டையும் அழுகையுமா வருது, எனக்குப் பிடிக்கல"ன்னு சொல்றவங்க கிட்ட ஹேண்ட்போனை வாங்கிப் பாத்தா விஷயம் புரியும். நீங்க லைக் போடுறது மட்டும் கணக்கில்ல, எதுல எவ்வளவு நேரம் நின்னீங்க, எதோட கமென்ட்ஸைத் தொறந்தீங்க, எல்லாத்தையும் அந்த ஆப் பாக்குது. திட்டிக்கிட்டே முழுசாப் பாத்தாலும் அதுக்குப் பாத்ததுதான், இன்னும் ரெண்டு கொண்டாந்து கொட்டும். வேண்டாததை உடனே தள்ளிட்டுப் போங்க, மூணு புள்ளியைத் தட்டி "வேண்டாம்"னு சொல்லுங்க. சொந்தக்காரர் ஒருத்தர் ஓயாம போடுறாரா, பேஸ்புக்ல ஸ்னூஸ்னு ஒண்ணு இருக்கு, 30 நாளைக்கு அவர் போஸ்ட் வராது, அவருக்கும் தெரியாது. இதைவிட முக்கியம், பேஸ்புக் மெனுவுல ஃபீட்ஸ்னு ஒரு இடம் இருக்கு, 2022ல வந்துச்சு, அங்க போனா உங்க நண்பர்கள், நீங்க ஃபாலோ பண்ற பக்கங்கள், உங்க குரூப்புகள், இதுதான் வரும், புதுசு மேலயும் பழசு கீழயுமா. இன்ஸ்டாவுலயும் ஃபாலோயிங்னு தனியாப் பாக்குற வசதி இருக்கு. இந்த ரெண்டும் தெரியாம சோஷியல் மீடியா குப்பைன்னு முடிவு கட்டுறவங்களை நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, நல்ல குரூப் ஒண்ணுல சேர்ந்துட்டீங்க. அங்க கேக்குற விதத்துலதான் பாதிப் பேருக்குப் பலன் கிடைக்காம போகுது. தோட்டக்கலை குரூப்ல போயி "கறிவேப்பிலை சரியா வரல, என்ன பண்றது"ன்னு ஒரு வரி போட்டா யாரு பதில் சொல்லுவா? எந்தத் திசை காரிடார், காலை வெயிலா சாயங்கால வெயிலா, தொட்டில அடியில ஓட்டை இருக்கா, ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி தண்ணி ஊத்துறீங்க, மஞ்சளானது பழைய இலையா கொழுந்தா, இதெல்லாம் எழுதி பகல் வெளிச்சத்துல எடுத்த படம் ஒண்ணு போடுங்க. வேர்ல தண்ணி தேங்குதுன்னோ இரும்புச்சத்து பத்தலைன்னோ யாராவது பொருத்தமா சொல்லுவாங்க, கூடவே தொட்டித் தட்டுல தண்ணி நின்னா கொசு வரும், காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும்னு கேக்காததையும் சொல்லிட்டுப் போவாங்க, அதுதான் லாபம். சொன்னதைச் செஞ்சு பாத்துட்டு என்ன ஆச்சுன்னு திரும்ப வந்து எழுதுங்க. அப்படி எழுதுறவங்க ரொம்பக் கம்மி, அதனாலயே அடுத்த வாட்டி நீங்க கேட்டா பதில் சொல்ல ஆள் வரும். கேக்குறதுக்கு முன்னாடி குரூப்ல தேடிப் பாக்குறதும் ஒரு மரியாதை.

நட்பு கேட்டு வர்ற எல்லாரையும் சேர்க்குறது, தெரியாத குரூப்ல இழுத்துப் போட்டா பேசாம இருந்துடுறது, இது ரெண்டும் காசுல போயி முடியுற தப்பு. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டா கமிஷன்னு மோசடிக்காரன் முதல்ல சின்னத் தொகை நிஜமாவே அனுப்புவான், அப்புறம் "பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டுங்க"ம்பான், கட்டினா அவ்வளவுதான். இன்வெஸ்ட்மென்ட் குரூப்ல லாபம் வந்துச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுற இருபது பேரும் ஒரே கும்பலா இருக்கலாம். வாட்ஸ்அப்ல பிரைவசிக்குள்ள குரூப்ஸ்னு போயி, தெரிஞ்சவங்க மட்டும்தான் சேர்க்க முடியும்னு மாத்திடுங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வைங்க. எஸ்எம்எஸ்ல வர்ற ஆறு இலக்க கோடை யாரு கேட்டாலும், உங்க தங்கச்சி நம்பர்லேர்ந்தே கேட்டாலும், குடுக்காதீங்க, ஏன்னா அந்த நேரம் தங்கச்சி அக்கவுண்ட் யார் கையில இருக்கோ. மாசத்துக்கு ஒரு வாட்டி வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ், அதாவது உங்க அக்கவுண்ட் வேற எந்தக் கருவியில தொறந்திருக்குன்னு, பாருங்க, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தா லாக் அவுட். சந்தேகம்னா 1799க்கு ஒரு கால், மோசடி பத்தி விசாரிக்குறதுக்குன்னே இருக்குற ஸ்கேம்ஷீல்டு ஆளுங்க 24 மணி நேரமும் எடுப்பாங்க. "இதைக் கேட்டா சிரிப்பாங்களோ"ன்னு தயங்காதீங்க, அதுக்குத்தான் அந்த நம்பரே இருக்கு.

ஃபார்வர்ட் விஷயத்துல சுருக்கமா சொல்லிடறேன். வாட்ஸ்அப் மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா பல கை மாறி வந்திருக்குன்னு அர்த்தம், ஒரு வாட்டில ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு 2020லயே கட்டுப்பாடு போட்டுட்டாங்க. அதே வருஷம் ஜனவரில, கொரோனா பயத்துல உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனை மூடிட்டாங்கன்னு பேஸ்புக்ல போஸ்ட் சுத்துச்சு, மூடவே இல்ல, பொய்த் தகவலைத் தடுக்குற பொஃப்மா சட்டத்துல, அந்தப் போஸ்ட்டுக்குத் திருத்தம் போடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. நல்லெண்ணத்துல பகிர்ந்தேன்னு சொல்றது சரிதான், ஆனா எம்ஆர்டி மூடியிருக்கான்னு பாக்க ரயில் நடத்துறவங்களோட பக்கத்தைத் தொறந்தா ஒரு நிமிஷம்கூட ஆகாது.

வேலைக்காக லிங்க்டுஇன் வர்றவங்க செய்யுறது வேற மாதிரி. வேலை போன மறுநாள் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, போட்டோ கிடையாது, வேலை அனுபவம் ரெண்டு வரி, முன்னப்பின்ன தெரியாத ஐம்பது பேருக்கு "வேலை இருந்தா சொல்லுங்க சார்". ஒருத்தரும் பதில் போட மாட்டாங்க, குறை சொல்லவும் முடியாது. முதல்ல கூட வேலை பாத்தவங்க, பழைய சூப்பர்வைசர், சப்ளையர், இவங்களைத் தேடிப் பிடிங்க. ரெக்வெஸ்ட் அனுப்பும்போது "அண்ணே, ஜூரோங் சைட்ல ஒண்ணா இருந்தோம், ஞாபகம் இருக்கா"ன்னு ஒரு வரி சேருங்க. வேலை கேக்காதீங்க, அந்தக் கம்பெனில இப்ப என்ன மாதிரி ஆளுங்களை எடுக்குறாங்க, எந்த கோர்ஸுக்கு மதிப்பு இருக்குன்னு கேளுங்க, மனுஷங்க அதுக்கு சந்தோஷமா பதில் சொல்லுவாங்க. இன்னும் வேலைல இருந்துக்கிட்டே தேடுறவங்க, புரொஃபைல் மாத்துனா எல்லாருக்கும் தகவல் போகாம இருக்க செட்டிங்ஸ்ல நிறுத்தி வைங்க. வேலை தேடுறேன்னு காட்டுற ஓப்பன் டு வொர்க்ங்கிறதை, ஆள் எடுக்குற ரெக்ரூட்டருங்களுக்கு மட்டும் காட்டுற மாதிரி வைக்கலாம், ஆனா உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு நூறு சதவீதம் தெரியாதுன்னு லிங்க்டுஇன்னே உறுதி குடுக்கல, அதையும் மனசுல வைங்க.

போட்டோ போடுறதா இருந்தா, பேரன் ஸ்கூல் யூனிஃபார்ம்ல, பின்னாடி ப்ளாக் நம்பர் தெரியுற மாதிரி வேண்டாம். சாங்கி ஏர்போர்ட்ல நின்னு போர்டிங் பாஸைக் காட்டுறதும் வேண்டாம், ஊருக்குப் போயிட்டு வந்தப்புறம் போட்டா லைக் குறையவா போகுது.

கடைசியா, பிடிக்காத குரூப்ல மரியாதைக்காக மாட்டிக்கிட்டு இருக்குறது. 2022லேர்ந்து வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து வெளியேறினா அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், மத்தவங்களுக்குச் சொல்லாது. தைரியமா கிளம்பலாம். அட்மினே உங்க பெரியம்மான்னா மட்டும் மியூட்ல போட்டு ஆர்க்கைவ்ல தள்ளிட்டு, தீபாவளி அன்னிக்குத் தொறந்து ஒரு வாழ்த்து போட்டுடுங்க.