ஃபஸ் பெடலுக்கு எதிர் 9 வோல்ட் (−9 V)

கிளிநொச்சியில் தேவாலயத்தில் கிற்றார் வாசிக்கும் தம்பி ஒருவர், ஜெர்மானியம் பிஎன்பி (PNP) வகைத் திரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் பெடலுடன், அதாவது கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலால் இயக்கும் பெட்டியுடன், வந்தார். மற்றப் பெடல்களோடு ஒரே மின்வழங்கியில் செருகினால் எல்லாமே ஊமையாகிவிடுகின்றனவாம். ஆகத்தான் செய்யும்! ஃபஸ்ஸுக்கு நேர்முனைதான் தரை (0 வோல்ட் எனக் கொள்ளும் பொதுக் கம்பி), மற்றவற்றுக்கு எதிர்முனை தரை; கிற்றார் வயரின் வெளிப்பின்னல் வழியே மின்வழங்கி குறுக்குச்சுற்றாகிறது.

இரண்டு 9 வோல்ட் பற்றரிகள் போதும். ஒன்றின் நேர்முனை வயரை மற்றதன் எதிர்முனை வயருடன் முறுக்கி ஈயத்தால் பற்றவையுங்கள். அந்தச் சந்திதான் பொதுத் தரை. மிஞ்சும் நேர்முனை மற்றப் பெடல்களுக்கு, மிஞ்சும் எதிர்முனை ஃபஸ்ஸுக்கு. ஃபஸ் இழுப்பது ஏறத்தாழ ஒரு மில்லிஅம்பியர்தான். அந்தப் பற்றரி மாதக்கணக்கில் கிடக்கும்.

இரு வெளிமுனைகளுக்கும் இடையே 18 வோல்ட் நிற்கிறது. அங்கே 16 வோல்ட் வரை மட்டும் தாங்கும் மின்தேக்கியை வைத்துவிடாதீர்கள்; 25 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள்.