சில்லறைப் புதிர்: ஒரு விடையிலிருந்து எல்லா விடைகளுக்கும்

மும்பை மாட்டுங்காவிலும் தாராவியிலும் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சில்லறை எண்ணுவது புதிதன்று. ஆனால் அதே சில்லறை வினாத்தாளில் புதிராக வரும்போது, எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஏதோ ஒரு விடை பொருந்தியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கணக்கின் சுவையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதால், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் அந்தப் பகுதிக்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கல்லாப்பெட்டியில் 1, 2, 5 ரூபாய் நாணயங்களாக மொத்தம் 20 நாணயங்கள் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு 50 ரூபாய். ஒவ்வொரு வகையிலும் எத்தனை இருக்கலாம்?

முதலில் இருபதும் ஒரு ரூபாய் நாணயங்களே என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 20 ரூபாய். இன்னும் 30 ரூபாய் தேவை. ஒரு ரூபாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ரூபாயை வைத்தால் 1 கூடும், ஐந்து ரூபாயை வைத்தால் 4 கூடும். பெரிய நாணயத்திலிருந்து தொடங்குவதே நல்லது. எட்டு ஐந்து ரூபாய் வைத்தால் 32 கூடி, தேவையைத் தாண்டிவிடும். ஏழு வைத்தால் 28 கூடும். மீதி 2க்கு இரண்டு ரூபாய் நாணயம் இரண்டு போதும். எஞ்சிய பதினொன்றும் ஒரு ரூபாய். 35, 4, 11 ஆகியவற்றைக் கூட்டினால் 50 வருகிறது.

இனி இந்த விடையைத் தரையில் உண்மையான நாணயங்களாகவே பரப்பிவையுங்கள். ஓர் ஐந்து ரூபாய் கூட்டித்தந்த 4ஐ நான்கு இரண்டு ரூபாய் நாணயங்களும் கூட்டித்தரும் அல்லவா? ஆகவே ஓர் ஐந்து ரூபாயையும் மூன்று ஒரு ரூபாயையும் எடுத்துவிட்டு, நான்கு இரண்டு ரூபாய் நாணயங்களை வைக்கச் சொல்லுங்கள். எடுத்தவை நான்கு நாணயங்கள், 8 ரூபாய், வைத்தவையும் அப்படியே. எண்ணிக்கையும் மாறவில்லை, தொகையும் மாறவில்லை, விடை மட்டும் புதியது: ஐந்து ரூபாய் 6, இரண்டு ரூபாய் 6, ஒரு ரூபாய் 8. மீண்டும் மாற்றினால் 5, 10, 5. மறுபடியும் மாற்றினால் 4, 14, 2. அடுத்த மாற்றத்துக்கு மூன்று ஒரு ரூபாய் வேண்டும், இருப்பதோ இரண்டே. ஆகவே விடைகள் நான்கு. ஐந்தாவது இல்லை என்பதும் உறுதியாகிறது. "ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் சம எண்ணிக்கையில் உள்ளன" என்று வினா சேர்த்துச் சொன்னால் மட்டுமே 5, 10, 5 என்ற ஒற்றை விடை கிட்டும்.

நாணயங்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல், 10 ரூபாயை எத்தனை வகையில் தரலாம் என்று கேட்டால், ஐந்து ரூபாயை நிலைநிறுத்தி எண்ணுங்கள்: இரண்டு இருந்தால் 1 வகை, ஒன்று இருந்தால் 3, இல்லாவிட்டால் 6; மொத்தம் 10.

பழைய புத்தகங்களில் 25 பைசா வரும். அந்த நாணயம் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றாலும் கணக்கு செல்லும். 25 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய் நாணயங்கள் பத்தின் மதிப்பு 5 ரூபாய் என்றால், எல்லாவற்றையும் 25ஆல் வகுத்து 1, 2, 4 என்றும், தொகையை 20 என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் ஒன்றும் 25 பைசா இரண்டும் போனால் 50 பைசா மூன்று வரும். ஒரு ரூபாய் 3, 50 பைசா 1, 25 பைசா 6 என்பதில் தொடங்கினால் இங்கும் நான்கு விடைகள் வரும். கடைசி விடையில் பத்தும் 50 பைசாவாகவே இருக்கும். மூன்று வகையும் இருக்க வேண்டும் என்று வினா கேட்டிருந்தால் அதை நீக்கிவிட வேண்டும்.