குட்டிக்குதிரையைப் பழக்க: கயிற்றை எப்போது விடுவது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் மூயி ரிவர் ஊர்ப் பக்கம் பால்குடி மறந்த குட்டி ஒன்று வாங்கினால், முதல் கேள்வியே "எப்ப ஏறலாம்?" என்பதுதான். பொறுங்கள் அண்ணே. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பு முற்றவே இரண்டு, இரண்டரை வயதாகும், முதுகெலும்பு முற்ற அதற்குப் பிறகும் சில வருஷம் பிடிக்கும். பந்தயத்தில் இரண்டு வயதிலேயே ஓட்டுகிறார்களே என்றால், அந்த அவசரம் பணம் போட்டவர்களுடையது.

அதுவரை தரையில் நின்றே பழக்க நிறைய இருக்கிறது. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகப் போய், பிடரி முடிகிற மேட்டில் விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குட்டிகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடுகிற இடம் அது. பிடித்துப்போனால் மேலுதட்டை நீட்டி நெளிக்கும்.

அப்புறம் தலைக்கயிறு. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கயிற்றை இரண்டு விரலில் பிடித்து, சற்றுப் பக்கவாட்டில் லேசாக இழுத்து, அப்படியே காத்திருங்கள். காது உங்கள் பக்கம் திரும்பும், உடம்புப் பாரம் ஒரு காலுக்கு மாறும், அடி எடுத்து வைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். எதைச் செய்தபோது இழுப்பு நின்றதோ அதைத்தான் குட்டி பிடித்துக்கொள்ளும். தலையை உதறும்போது விட்டுவிட்டால் உதறத்தான் கற்றுக்கொள்ளும். பின்னால் போனால் கூடவே நடங்கள், இழுப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தூணில் கட்டிப் போட்டால் தானாக அடங்கும் என்று யோசனை சொல்ல இங்கேயும் ஆட்கள் உண்டு. கேட்காதீர்கள், மிரண்டு இழுத்தால் கழுத்து போய்விடும்.

கால் தூக்கப் பழக்குவதும் இப்படியே. தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே தடவிக்கொண்டே போய், குளம்பைக் கொஞ்சம் தூக்கி, அது உதறுவதற்குள் நீங்களே கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிஷம் போதும். கோடையில் காலை வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து, மாலையில் பொழுது சாய்வதற்குள் குட்டியை லாயத்தில் அடைத்துவிடுங்கள். ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புகிற சிறு கொசு மாதிரியான பூச்சி இருட்டோடுதான் கிளம்பும். தடுப்பூசியை எந்த மாதம் போடுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.