நடுநிலைப் பள்ளி வகுப்பைத் தாளிலிருந்து திரைக்குக் கொண்டுசெல்லும் முறை

ஆறு முதல் எட்டு வரை ஏதேனும் ஒரு வகுப்பைக் கணினிவழிக் கற்றலுக்கு மாற்ற நினைக்கும் ஆசிரியர், முதல் வாரத்தில் எந்தக் கருவியையும் தொட வேண்டியதில்லை. அந்த வாரம் முழுவதும் வகுப்பில் புழங்கும் தாள்களைக் கவனித்து, ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறது என்று குறித்து வைத்தால் போதும். வீட்டுப்பாட நோட்டு, சிறுதேர்வுத் தாள், நிலவரைபடம், செய்முறைக் குறிப்பு, மதிப்பெண் பதிவேடு, பெற்றோர் கையொப்பத்துக்குப் போகும் கடிதம் என்று பட்டியல் நீளும். இவற்றுள் எது தாமதமாகத் திரும்புவதால் மாணவருக்கு இழப்பு நேர்கிறதோ அதை முதலில் மாற்ற வேண்டும். மற்றவை காத்திருக்கலாம், சில எப்போதும் தாளிலேயே இருக்கலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வகுப்புகள் பலவற்றில் அந்த முதல் தாள் சிறுதேர்வுத் தாளாகத்தான் இருக்கும். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்ட முறையில், சிறுதேர்வு என்பது பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று கண்டறிவதற்காக வைக்கப்பட்டது. ஆனால் 40 பேரின் தாள்களைத் திருத்தி முடிக்க ஒரு வாரம் ஆகிவிட்டால், தடுக்கிய இடம் தெரியவரும்போது வகுப்பு இரண்டு பாடம் தள்ளிப் போயிருக்கும்; மதிப்பெண் பதிவேட்டில் ஏறும், திருத்தம் மாணவரிடம் சேராது.

இதற்குக் கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற இலவச வினாப் படிவம் போதும். ஒரு தேர்வுக்கு ஐந்து வினாக்களுக்கு மேல் வேண்டாம். வினாவைவிடத் தவறான விடைகளை எழுதுவதில்தான் ஆசிரியரின் அனுபவம் வேலை செய்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லும் வினாவில் 5/6 என்ற சரியான விடையுடன் 2/5, 1/6, 2/6 ஆகியவற்றையும் வைத்தால், 2/5ஐத் தேர்ந்தவர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார் என்பதும், 1/6ஐத் தேர்ந்தவர் கூட்டுவதற்குப் பதில் பெருக்கிவிட்டார் அல்லது கழித்துவிட்டார் என்பதும், 2/6ஐத் தேர்ந்தவர் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்தும் தொகுதிகளை மாற்ற மறந்துவிட்டார் என்பதும் படிவம் காட்டும் பட்டை வரைபடத்தில் உடனே தெரியும். 40 பேரில் 17 பேர் 2/5இல் நின்றால், மணி அடிப்பதற்கு முன்பே கரும்பலகைக்குத் திரும்பி, ஒரு தோசையை வரைந்து வெட்டிக் காட்டலாம். இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்பது என் கருத்து.

ஓரிரு சொல்லில் விடை எழுதச் சொல்லும் வினாக்களைப் படிவமே திருத்தட்டும் என்று விட்டுவிடக் கூடாது. கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அது சரியென ஏற்கும். றகரம் ரகரமானாலும், ஓர் ஒற்று மிகுந்தாலும், விடையறிந்த மாணவருக்கும் பூச்சியம்தான் கிடைக்கும். அத்தகைய வினாக்களைத் தாளிலேயே கேட்பது நல்லது. பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்வதற்குப் பதில், வரிசை எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால் நேரமும் மிஞ்சும், பெயர்க் குழப்பமும் வராது.

கருவிகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்து முறை மாறும். ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி மட்டும் இருந்தால் பிளிக்கர்ஸ் முறையைப் பயன்படுத்தலாம்: ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டை கொடுக்கப்படும்; விடைக்கேற்ப அதை நான்கு திசைகளில் ஒன்றில் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மீது ஓட்டியே எல்லா விடைகளையும் பெற்றுவிடுவார். அட்டைக்குப் பளபளப்பான லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். பத்து டேப்லெட் இருந்தால் நால்வருக்கு ஒன்று எனப் பிரித்து, கருவியைத் தொடுபவர் ஒவ்வொரு வினாவுக்கும் மாற வேண்டும் என்று விதி வைக்க வேண்டும். இல்லையேல் குழுவில் சுறுசுறுப்பான ஒருவரே எல்லாவற்றையும் அழுத்துவார். முதல் நாள் நான் படிவத்தின் இணைய முகவரியைப் பலகையில் எழுதிப் போட்டுத் தட்டச்சு செய்யச் சொன்னேன்; பாடவேளையில் பாதி அதிலேயே போயிற்று. மறுநாள் அதே முகவரியைக் க்யூஆர் குறியீடாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டியதும் இரண்டு நிமிடத்தில் எல்லாரும் உள்ளே வந்தனர்.

டேப்லெட்டுகளுக்கு எண் ஒட்டி, எந்தக் குழுவுக்கு எந்த எண் என்பதை நிரந்தரமாக்க வேண்டும். மாலையில் மின்னேற்றம் செய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மின்வெட்டு நாளுக்கு அதே ஐந்து வினாக்களின் தாள் படி ஒன்று மேசையில் இருக்கட்டும்.

இணையக் கணக்குகள் பற்றி எச்சரிக்கை தேவை. இந்த வகுப்பு மாணவர்களுள் பெரும்பாலோர் 11 முதல் 13 வயதுக்குட்பட்டவர்கள். கூகுளில் சொந்தமாகக் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் திறக்க ஆசிரியரே கற்றுக்கொடுப்பது பெரும்பிழை. மின்னஞ்சல் திரட்டுவதையும், ஒருவர் ஒருமுறைதான் விடையளிக்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் படிவத்தில் நீக்கிவிட்டால் கணக்கில்லாமலே விடையளிக்கலாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே மாணவரின் பெயரோ படமோ இணையத்தில் ஏறுவதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி, பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அது தாளில்தான் வரும், வரட்டும்.

பாடப்பொருளைத் தேடி அலைய வேண்டாம். 2018-19 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிட்ட க்யூஆர் குறியீடுகள் மத்திய அரசின் தீக்‌ஷா தளத்துக்கு இட்டுச் செல்கின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் பாடநூலை ஒட்டிய காணொளிகள் உள்ளன. வகுப்பில் இணையத்தை நம்பாமல், தீக்‌ஷாவில் வேண்டியதை முந்தைய நாளே பதிவிறக்கி வைப்பது நல்லது. அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்கள், அதாவது திரையில் செய்துபார்க்கும் சோதனைகள், மிக உதவும். இலவசம், இணையமின்றியும் இயங்கும், சில தமிழிலும் உண்டு. ஆனால் மின்சுற்றை நடத்தும்போது முதலில் உண்மையான பேட்டரியும் பல்பும் கம்பியும் மாணவர் கையில் இருக்க வேண்டும். எரியாத பல்போடு சற்று மல்லுக்கட்டிய பிறகு திரையில் எலக்ட்ரான் ஓடுவதைப் பார்த்தால்தான் அது விளக்கமாகிறது. முன்பே பார்த்தால் விளையாட்டாக முடிந்துவிடுகிறது.

தமிழில் தட்டச்சு செய்வதைத் தனிப் பயிற்சியாக நடத்த வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் எளிதாகத் தோன்றினாலும், லகர ளகர ழகர வேறுபாட்டைக் கருவியின் பரிந்துரைக்கு விட்டுவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் இருக்க, ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் கி வருகிறது; எழுத்திலக்கணமே விரலில் ஏறுகிறது. வாரத்துக்கு 20 நிமிடம் ஒதுக்கலாம். பள்ளிக் கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள வினாத்தாள்களை, எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே டேப்லெட்டில் ஏற்றுங்கள்; இல்லையேல் குப்பையாகத் தெரியும்.

கணக்கின் படிநிலைகள், கட்டுரை, கையால் வரையும் படம் ஆகியவை நோட்டிலேயே இருக்க வேண்டும். பல பக்க வாசிப்பும் அப்படித்தான். பள்ளிகளை வெகு முன்பே கணினிமயமாக்கிய ஸ்வீடன்கூட 2023இல் அச்சுப் பாடநூல்களுக்கு அரசுப் பணம் ஒதுக்கித் திரும்பி வந்தது. வீட்டுப்பாடத்தையும் திரைக்கு மாற்றக் கூடாது. வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும் வீடுகளில், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடம் மாணவருக்குத் தண்டனையாகிவிடும்.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துச் சேமிப்பதென்றால் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு படம் இரண்டரை எம்பி என்று கொண்டால், 40 பேருக்கு ஐந்து பாடத்தில் வாரம் ஒரு படம் என்பது 500 எம்பி; கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி 30 வாரத்தில், அதாவது கல்வியாண்டு முடிவதற்குள், நிரம்பிவிடும். மாதம் ஒரு படம் போதுமானது.

இவை அனைத்தையும் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் தொடங்காமல், பள்ளியின் பெயரில் ஒரு கணக்கு திறந்து அதில் தொடங்க வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அந்த உறையிலேயே வைத்துவிட்டால், பணிமாறுதல் வந்து அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போனாலும் அடுத்து வருபவர் அடுத்த வினாவிலிருந்து தொடரலாம்.