ரெட்ரோவை நடத்தும் பொறுப்பைச் சுற்றுக்கு விடுங்கள்

அஜைல் டீமில் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் குழுவில்) தலைமைப் பண்பு வளர வேண்டுமென்றால் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவதைவிட, ஸ்பிரிண்ட் ரெட்ரோவை (ஸ்பிரிண்ட் எனும் ஒரு சுற்று வேலை முடியும்போது, எது சரியாகப் போனது, எதை மாற்றலாம் என்று டீம் பேசும் கூட்டம்) நடத்தும் பொறுப்பை ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள், அதிகம் பேசாத ஜூனியர் உட்பட. முதல் தடவை தடுமாறுவார்கள், சரி, அதனால் என்ன? ஸ்க்ரம் மாஸ்டர் (ஸ்க்ரம் எனும் அஜைல் முறைப்படி டீம் வேலை செய்ய உதவுபவர்) முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து, என்ன கேள்வி கேட்கலாம், ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் எப்படி அடுத்தவருக்கு மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் (இதுதான் கஷ்டம்). டீம் தினமும் கூடும் டெய்லி ஸ்க்ரமும் அப்படித்தான். ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி நூலான 2020 ஸ்க்ரம் கைடின்படி அந்த 15 நிமிடம் டெவலப்பர்களுக்கானது, மேனேஜரிடம் கணக்கு ஒப்பிக்க அல்ல. அப்புறம், ரெட்ரோவில் முடிவான ஒரு மாற்றத்தை நடத்தியவரே அடுத்த ஸ்பிரிண்ட் முழுக்கக் கவனிக்கட்டும், அதை ஸ்பிரிண்ட் பேக்லாகிலேயே (அந்தச் சுற்றின் வேலைப் பட்டியலிலேயே) சேர்த்து நேரமும் ஒதுக்குங்கள்.