டைமர் சிக்னல்: பழைய யூனிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சோலாரிஸ் (சன் நிறுவனத்தின் யூனிக்ஸ்) மெஷின்களில் ஓடும் சி புரோகிராம்களைப் பார்த்துக்கொள்ள வரும் புதியவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். ஹெடரை மறந்தது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை, அதைக் கம்பைலரே சொல்லிவிடும்.

சிக்னல்() எங்கும் ஒன்றுதான் என்று நம்புவது

ஒரு பையன் லினக்ஸில் எழுதிப் பார்த்த புரோகிராமை சோலாரிஸுக்குக் கொண்டுவந்தான். செட்ஐடைமர்() வைத்து நொடிக்கு ஒருமுறை சிக்அலார்ம் என்ற சிக்னலை வரவைத்து, சிக்னல்() மூலம் பதிந்த ஹேண்ட்லரில் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) கவுன்ட்டரைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் டிக் வந்தது. இரண்டாவதில் திரையில் 'அலாரம் கிளாக்' என்று ஒரு வரி, புரோகிராம் காலி. வெகுநேரம் கோர் ஃபைலை (புரோகிராம் விழும்போது விட்டுப்போகும் மெமரிப் பதிவு) தேடினான். சிக்அலார்ம் கோர் போடாது, முடித்துவிட்டுப் போய்விடும்.

சிஸ்டம் ஃபைவ் (ஏடி&டியின் யூனிக்ஸ்) வழி யூனிக்ஸ்களில், ஹேண்ட்லரைக் கூப்பிடும் முன்பே கெர்னல் அதைக் கழற்றிவிடும். அடுத்த சிக்னல் வந்தால் பிடிக்க ஹேண்ட்லர் இல்லை, புரோகிராம் அவுட். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி (பெர்க்லி யூனிக்ஸ்) இதை மாற்றியது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியும் பிஎஸ்டி பக்கம்தான், அதனால் அங்கே ஓடியது.

எனக்கு எரிச்சல் வருவது இதற்குப் பிறகு. "ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே திரும்ப சிக்னல்() போட்டுட்டேன், சரியாயிடுச்சு அண்ணா." ஆகவில்லை. கெர்னல் கழற்றியதற்கும் அந்த வரி ஓடுவதற்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது. நொடிக்கு ஒரு டிக் என்றால் தெரியாது. 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று வைத்து, மெஷினில் லோடும் ஏறினால், என்றைக்கோ ஒரு ராத்திரி அதே 'அலாரம் கிளாக்'. டெஸ்டில் சிக்கவே சிக்காது.

யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான 1988 பாசிக்ஸிலேயே சிக்ஆக்‌ஷன்() இருக்கிறது, அதைப் போடுங்கள். போடும் முன், அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்சரை மெம்செட்() கொண்டு பூஜ்யமாக்குங்கள். அதன் எஸ்ஏ_ஃபிளாக்ஸில் கிடக்கும் குப்பையில், ஹேண்ட்லரைக் கழற்றச் சொல்லும் ரீசெட்ஹேண்ட் பிட் இருந்துவிட்டால், மறுபடி அதே கதை.

எஸ்ஏ_ரீஸ்டார்ட் ஃபிளாகையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். தொங்கும் ரீட்()டிலிருந்து வெளியே வரத்தானே அலாரம் வைக்கிறீர்கள்? அது இருந்தால், ஹேண்ட்லர் முடிந்ததும் ரீட்() திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப்()

கூடாது. மல்லாக்()கும்தான். வாலடைல் சிக்_அட்டாமிக்_டி வகை வேரியபிள் ஒன்றில் 1 போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

அலாரம்() வைத்து, அப்புறம் பாஸ்()

பாஸ்() சிக்னல் வரும்வரை தூங்கும். இரண்டுக்கும் நடுவிலேயே சிக்னல் வந்துவிட்டால், அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சிக்புரோக்மாஸ்க்() கொண்டு முதலில் சிக்னலைத் தடுத்து வையுங்கள், காத்திருக்க சிக்சஸ்பெண்ட்() போடுங்கள்; தடையை நீக்குவதையும் தூங்குவதையும் அது ஒரே அடியில் செய்யும்.

ஸ்லீப்()பும் அலாரம்()மும் சேர்ந்து

வேண்டாம். பல பழைய லைப்ரரிகளில் ஸ்லீப்()பின் உள்ளே இருப்பதே அலாரம்()தான்.